மருந்தை நிறுத்திவிடாதே, மகளே

புனித ஆகத்தா நினைவு நாள் மறையுரை



இன்று பிப்ரவரி 5. கன்னியும் மறைச்சாட்சியுமான புனித ஆகத்தாவைத் திருச்சபை நினைவுகூரும் நாள். நேற்று உலகப் புற்றுநோய் நாள். இரண்டும் அடுத்தடுத்து வருவதால், இன்றைய திருப்பலியை மார்பகப் புற்றுநோயோடு வாழும் பெண்களுக்காக ஒப்புக்கொடுக்கிறோம். அவர்களில் சிலர் இங்கே நம் நடுவே இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆகத்தா சிசிலித் தீவின் கத்தானியா நகரத்துப் பெண். டேசியுஸ் பேரரசன் காலத்து வேதகலாபனையில், 251ஆம் ஆண்டு வாக்கில் உயிர்விட்டார் என்பது மரபு. ஆளுநர் குயிந்தியானுஸின் ஆசைக்கு இணங்க மறுத்ததால் அவருடைய மார்பகங்களை அறுத்தார்கள் என்று அந்த மரபு சொல்கிறது. அதனால்தான் மார்பில் நோய் கண்ட பெண்கள் நூற்றாண்டுகளாக அவருடைய பரிந்துரையை நாடி வருகிறார்கள். முதலாம் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது குருக்கள் இன்றும் பீடத்தில் அவர் பெயரைச் சொல்கிறோம்.

அந்த வரலாற்றில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். அறுபட்ட காயத்தோடு அவரைச் சிறையில் தள்ளிய ஆளுநர், எந்த வைத்தியரும் அவருக்கு மருந்து போடக்கூடாது என்று உத்தரவிட்டான். இரவில் புனித பேதுரு முதியவர் உருவில் வந்து குணமாக்கினார் என்று கதை தொடர்கிறது. மருத்துவரை வாசலில் தடுத்தது யார் என்று பாருங்கள். விசுவாசம் தடுக்கவில்லை. விசுவாசத்தைத் துன்புறுத்தியவன் தடுத்தான். “ஜெபம் பண்ணினால் போதும், இத்தனை மருந்து எதற்கு” என்று நோயுற்ற பெண்ணிடம் சொல்லுகிறவர்கள், தெரியாமலே அந்த ஆளுநரின் உத்தரவைத்தான் நிறைவேற்றுகிறார்கள்.

அதே கதையில், என் உடலுக்கு நான் மருந்து பார்த்ததே இல்லை என்று ஆகத்தா அந்த முதியவரிடம் சொன்னதாகவும் வருகிறது. அதை மறைத்துவிட்டு நான் பிரசங்கம் செய்யக்கூடாது. ஆனால் அது சாவை எதிரில் வைத்துக்கொண்டு சிறையில் கிடந்த மறைச்சாட்சியின் சொல். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, நோயோடு பத்து வருடம் இருபது வருடம் வாழப்போகிற பெண்ணின் தலையில் அதைச் சட்டமாகச் சுமத்த யாருக்கும் உரிமை கிடையாது. அவளுக்கு இன்றைய முதல் வாசகம் இருக்கிறது. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம். மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே ஏற்படுத்தினார். மருந்துகளை ஆண்டவர் மண்ணிலிருந்து தோன்றச் செய்தார், அறிவுள்ளவர் அவற்றைத் தள்ளமாட்டார். நோயில் மன்றாடு, மன்றாடிவிட்டு மருத்துவருக்கும் இடம் கொடு. இந்த ஞானி கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் இருந்தவர். மண்ணில் முளைக்கும் மூலிகை வரைக்கும் அவர் பார்த்தார். நாம் இன்று இன்னும் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது. கொஞ்ச நேரம் என்னோடு வாருங்கள். இது கோயிலில் பேசுகிற விஷயமா என்று நினைக்கவேண்டாம். தாயின் கருவில் நம்மை உருவாக்கியவரின் கைவேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பயாப்சி எடுத்த பிறகு வருகிற தாளில் ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்று எழுதியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். உலக அளவில் மார்பகப் புற்றுநோய் கண்ட பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு அப்படி வருகிறது. ஈஆர் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தத்தோடு உடல் முழுக்கச் செல்கிறது. ஆனால் எல்லாச் செல்லும் அதைக் கேட்பதில்லை. அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறதோ, அந்தச் செல்தான் கேட்கும். அந்தப் புரதம்தான் ஏற்பி. 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற அறிஞர், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்து, அது கருப்பை போன்ற சில உறுப்புகளில் மட்டும் தங்குவதைப் பார்த்து இதைக் கண்டுகொண்டார்.

இந்த ஏற்பி செல்லின் கருவுக்குள் காத்திருக்கிறது. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் இரண்டிரண்டாக இணைந்து டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் அமர்கிறது. வளர வேண்டும், பிரிய வேண்டும் என்ற கட்டளை அங்கிருந்து போகிறது. பெண் பிள்ளை பருவமடைவதும், தாயின் மார்பு பால் கொடுக்கத் தயாராவதும் இந்தக் கட்டளை சரியாகப் போவதால்தான்.

கட்டளையைச் சொல்லி முடித்த ஏற்பி என்ன ஆகிறது? செல்லே அதைச் சிதைத்துவிடுகிறது. மார்பகப் புற்றுச் செல்களில் அளந்து பார்த்தபோது, ஹார்மோனுக்காகக் காத்திருக்கும் ஏற்பிகளில் பாதி நாலைந்து மணி நேரத்தில் போய்விடுவது தெரிந்தது. ஹார்மோனைப் பெற்றுக்கொண்டால் இன்னும் சீக்கிரம், மூன்று மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். போனதற்கு ஈடாகச் செல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. நாம் பூசைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு மணி நேரத்திலும் அது நடக்கிறது.

எப்படிச் சிதைக்கிறது என்பதைக் கண்டுபிடித்த ஊரைச் சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். கார்மேல் மலைச் சரிவில் இருக்கும் ஹைஃபா நகரம். எலியா இறைவாக்கினர் நெருப்புக்காக மன்றாடிய மலை, நம் உத்தரியத்துக்குப் பெயர் கொடுத்த மலை. அங்கே டெக்னியான் நிறுவனத்தில் ஆவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சீஹனோவர் இருவரும், அமெரிக்காவிலிருந்து இர்வின் ரோஸும் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் சேர்ந்து உழைத்தார்கள். ஹெர்ஷ்கோ ஹங்கேரியில் பிறந்த யூதர். நாஜிகள் நடத்திய இனப்படுகொலையில் சிறுவனாகத் தப்பியவர். ஒரு மக்களையே அழிக்கப் பார்த்த கொடுமைக்குத் தப்பிய பிள்ளை, உயிரைக் காப்பதற்காகச் செல்லுக்குள் நடக்கும் சிதைவை மனித குலத்துக்கு விளக்கினார். 2004ஆம் ஆண்டு மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்களை உறுத்திய கேள்வி எளிமையானது. ஒன்றைக் கட்டுவதற்குச் சக்தி வேண்டும், சரி. சிதைப்பதற்கும் செல் ஏன் சக்தியைச் செலவிடுகிறது? விடை இதுதான்: செல் கண்டதையும் சிதைப்பதில்லை, தேர்ந்தெடுத்துச் சிதைக்கிறது. காட்டில் வெட்டவேண்டிய மரத்துக்கு மட்டும் வனத்துறையினர் குறி போட்டுவிட்டுப் போவதுபோல, முடிக்கவேண்டிய புரதத்தின் மேல் யுபிகுவிட்டின் என்ற குட்டிப் புரதத்தைச் சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. 76 அமினோ அமிலங்களே கொண்டது அது. சங்கிலி ஏறிய புரதத்தைப் புரோட்டியாசோம் என்ற அமைப்பு உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்குகிறது. யுபிகுவிட்டின் மட்டும் சேதமில்லாமல் வெளியே வந்து அடுத்த வேலைக்குப் போய்விடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் இந்த வழியாகத்தான் போகிறது. ஹார்மோன் வராத நேரத்தில் ஏற்பியை உருக்குலையாமல் தாங்கிப் பிடிக்கும் துணைப் புரதங்கள் உண்டு. ஏற்பி பழுதாகிவிட்டால் அந்தத் துணைப் புரதங்களோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு புரதம்தான் அதன் மேல் குறி போடுகிறது. காப்பவரும் முடிப்பவரும் அத்தனை நெருக்கமாக நிற்கிறார்கள்.

2000ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓமாலியின் குழு ஒரு சோதனை செய்தது. புரோட்டியாசோமை மருந்தால் முடக்கினார்கள். ஏற்பிகள் சிதையாமல் செல்லுக்குள் குவிந்தன. ஏற்பி அதிகமானால் வேலையும் அதிகமாகும் என்றுதானே நாம் நினைப்போம்? வேலை குறைந்துபோனது. பழைய ஏற்பி விலகி இடம் விடாதபோது, கட்டளை திரும்பத் திரும்பச் செல்ல வழியில்லாமல் போனது. மூன்று ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் வேறொரு குழு, ஏற்பிகள் டிஎன்ஏவில் வந்து அமர்வதும் நீங்குவதும் 40 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நடப்பதைக் கண்டது. எல்லா மரபணுவிலும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இருந்தாலும் இதைப் படித்த நாளிலிருந்து திருப்பாடல் 139ஐ என்னால் பழையபடி சொல்ல முடியவில்லை. வியக்கத்தக்க விதத்தில் நம்மைப் படைத்தவர், எதுவரை இருக்கவேண்டும், எப்போது விலகவேண்டும் என்ற அளவையும் நம் சதைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு வார்த்தை. இதை எடுத்துக்கொண்டு நோயாளியின் கட்டிலருகே போய், “நீயும் உடைபடத்தான் வேண்டும், அதுதான் தேவசித்தம்” என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே ஒதுக்கித் தள்ளினார். செல் தன் ஏற்பியைச் சிதைப்பது உயிரின் ஒழுங்கு. புற்றுநோய் அந்த ஒழுங்கு கெட்டுப்போன நிலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி உபதேசம் செய்வது, வலியில் இருப்பவரை இரண்டாம் முறை அடிப்பது.

ஒழுங்கு எப்படிக் கெடுகிறது? புற்றுச் செல் வளர்வதற்கு இந்த ஏற்பியையே நம்பியிருக்கிறது. ஏற்பியின் மேல் போட்ட குறியை அழித்துவிடும் நொதிகள் சில கட்டிகளில் மிகுந்துபோகின்றன. முடியவேண்டிய ஏற்பி முடியாமல் நிற்கிறது. சிகிச்சை எடுத்துப் பல காலம் கழித்து நோய் திரும்பும் சில பெண்களிடம் ஏற்பியே உருமாறியிருக்கும். 595 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் 537ஆவது அல்லது 538ஆவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறினால் போதும். ஹார்மோன் வராமலே கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும், எளிதில் சிதையவும் செய்யாது.

இனி மருந்துகளுக்கு வருகிறேன். உங்களில் பலர் தினமும் விழுங்கும் டாமாக்சிபென், ஈஸ்ட்ரோஜன் வந்து அமரும் இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. ஏற்பி சிதைவதில்லை; ஆனாலும் மார்பகச் செல்லுக்கு அதனால் கட்டளை கொடுக்க முடியாது. ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஊசி வேறு வழியில் போகிறது. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் போடுகிற ஊசி. முதல் மாதம் கழிந்தபின் மாதத்துக்கு ஒருமுறை. அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்றது. இது ஏற்பியைப் பிடித்து அதன் உருவத்தைக் குலைக்கிறது. குலைந்த ஏற்பியைச் செல் பார்க்கிறது, பழுது என்று கண்டுகொள்கிறது, தானே குறி போட்டுத் தானே சிதைத்துவிடுகிறது. மருந்து செய்வது ஒப்படைப்பதை மட்டும்தான். முடித்துவைப்பது, படைத்தவர் முதல் நாளே செல்லுக்குள் வைத்த அந்த ஏற்பாடு. உருமாறிய ஏற்பி உள்ளவர்களுக்காக இதே வழியில் வேலை செய்யும் எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கும் 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆகவே, மருந்தை எடுத்துக்கொள்வது கடவுளின் செயலுக்குக் குறுக்கே போவது என்று யாராவது சொன்னால், அவரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள்.

இவ்வளவும் தெரியவந்ததில் துறவற சகோதரி ஒருவருக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்தவர். வயது 69. மார்பகப் புற்றுநோய் முற்றி நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. 1970ஆம் ஆண்டு அந்த நீரை எடுத்தபோது, அதில் இருந்த செல்களை டெட்ராய்ட் நகரின் மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில் ஹெர்பர்ட் சூல் என்ற ஆய்வாளரின் குழு கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப் பார்த்தது. முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. ஏழாவது முயற்சியில் செல்கள் பிழைத்தன. அறக்கட்டளையின் பெயரும் அந்த ஏழும் சேர்ந்து எம்சிஎஃப்-7 என்று ஆயிற்று. சகோதரி அதே ஆண்டு இறந்துபோனார். அவருடைய செல்கள் இன்றுவரை உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிறைய இருந்தது. மனித ஏற்பியின் மரபணுவை 1986இல் படித்தறிந்தது இந்தச் செல்களிலிருந்து. ஏற்பி எத்தனை மணி நேரத்தில் சிதைகிறது என்று அளந்ததும் இவற்றில். இங்கே உட்கார்ந்திருக்கும் சகோதரி, உங்கள் ஊசியும் மாத்திரையும் உங்களிடம் வந்து சேர்ந்த வழியில் அந்தக் கன்னியரின் உடலும் இருக்கிறது. புனிதர்களின் சமூக உறவை நம்புகிறோம் என்று விசுவாச அறிக்கையில் சொல்கிறோமே, அதைச் சொல்லும்போது இன்று அவரை நினையுங்கள். நம் பங்கின் இறந்தோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருக்காகவும் இந்தப் பலியை ஒப்புக்கொடுக்கிறேன்.

இன்றைய நற்செய்தியில் வருகிற பெண்ணிடம் இப்போதுதான் வந்து சேர்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கு. கையில் இருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்தாள், குணம் கிடைக்கவில்லை. அவள் நோய் வெளியில் சொல்லமுடியாத இடத்து நோய். அதனால் கூட்டத்தில் பின்னால் ஒளிந்து வந்து ஆடையைத் தொடுகிறாள். குணம் கிடைத்ததும் ஓசையில்லாமல் போய்விடப் பார்க்கிறாள். இயேசு விடவில்லை, யார் தொட்டது என்று கேட்டுத் திரும்பி நிற்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்கிறாள். முழுக்கச் சொல்லும்வரை கேட்டுவிட்டு, மகளே என்று கூப்பிடுகிறார்.

நம் பெண்கள் ஏன் கட்டி பெரிதானபிறகு வருகிறார்கள்? சொல்லக் கூச்சம். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் என்னாகும் என்ற பயம். புடவைத் தலைப்புக்கு அடியில் மாதக்கணக்கில் மறைத்து வைத்துக்கொண்டு, வீட்டு மாதா கெபியில் மட்டும் அழுகிறார்கள். மாதா கேட்பார். மாதா கேட்டுவிட்டு, போய்ச் சொல் என்றுதான் அனுப்புவார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த மறையுரையைத் தயாரித்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்தது, கீமோ முடிந்தது, முடி மறுபடி வளர்ந்துவிட்டது. டாக்டர் ஒரு சின்ன மாத்திரையைக் கொடுத்து ஐந்து வருடம் சாப்பிடச் சொல்கிறார். சிலருக்குப் பத்து வருடம். ஒரு வருடம் சாப்பிட்டபின் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்துகிறார்கள். திடீர் திடீரென்று உடம்பு தகிக்கிறது, வேர்க்கிறது, இரவில் தூக்கமில்லை, மூட்டு வலிக்கிறது என்று நிறுத்துகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போய் நேர்ச்சை செலுத்திவிட்டு, மாதா குணமாக்கிவிட்டார், இனி மருந்து சாப்பிட்டால் அவநம்பிக்கை என்று நிறுத்துகிறவர்களும் உண்டு.

அம்மா, கட்டி போய்விட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிரண்டு செல்கள் எங்கேயாவது தங்கியிருக்கலாம். அவற்றின் ஏற்பிகள் ஈஸ்ட்ரோஜனுக்காகக் காத்திருக்கலாம். நான் முன்னே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: சிதைந்த ஏற்பிக்கு ஈடாகச் செல் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. இன்று காலை விழுங்கிய மாத்திரை நாளை பிறக்கும் ஏற்பியையும் தடுக்க வேண்டுமே. அதனால்தான் தினமும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில். ஐந்து வருடம் டாமாக்சிபென் எடுத்துக்கொண்ட ஈஆர் பாசிட்டிவ் பெண்களில், மருந்தைத் தொடங்கியதிலிருந்து முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல்லாயிரம் பெண்களைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கில் நம் பங்கின் அம்மாக்கள் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தகிப்பும் வலியும் கற்பனை அல்ல. தாங்கமுடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று வழி இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக இரத்தம் பட்டாலோ, கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ அன்றே போங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நேர்ச்சை என்று ஒன்று செய்ய ஆசையாக இருந்தால், ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடமாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொள்ளுங்கள்.

தவக்காலம் நெருங்குகிறது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒருசந்திக் கடமை இல்லை. திருச்சபை கொடுத்திருக்கும் விலக்கு அது; வெட்கப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். முட்டையோ மீனோ சாப்பிட்டுத் தெம்பு பிடிக்கச் சொல்லியிருந்தால் சாப்பிடுங்கள். மருந்தை விடுவதை ஒறுத்தலாக யாரும் செய்யவேண்டாம். செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் என்னிடம் வரச்சொல்லுங்கள்.

அன்பியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அந்தப் பெண்ணோடு துணைக்குப் போக ஒருவர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். ஒவ்வோர் அன்பியத்திலும் இந்த வாரத்துக்குள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். நோயாளியின் பெயரை நோட்டில் எழுதிக் கூட்டத்தில் வாசிக்கவேண்டாம். அவர்களாக வந்து கேட்டால் போதும்.

இப்போது மன்றாட்டுகளுக்குப் பிறகு நோயில்பூசுதல் அருட்சாதனம் கொடுக்கப்போகிறேன். இது சாகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தயங்காதீர்கள். எந்த நோய் என்று நான் கேட்கமாட்டேன். பீடத்துக்கு முன்னால் வரும்போது நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவேன். உபதேசியார் முன்வரிசைகளை ஒதுக்கித் தருவார். கணவர்களே, மனைவியைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் எழுந்து கூட வாருங்கள்.